மஞ்சள் அட்டைகள் தொங்கும் ஊர்

ஃபிலடெல்ஃபியாவின் வடபகுதிக்குள் கார் நுழைந்ததும் மின்கம்பங்களைப் பார்த்துக்கொண்டே வரலாம். கம்பத்துக்குக் கம்பம் மஞ்சள் அட்டை. ஆள் கைக்கு எட்டாத உயரத்தில் ஏணி போட்டு ஏறி ஆணி அடித்திருக்கிறார்கள். கொட்டை கொட்டையாகக் கறுப்பு எழுத்து: ‘வீடு வாங்குகிறோம். ரொக்கம். எந்த நிலையில் இருந்தாலும் சரி.’ கீழே ஒரு தொலைபேசி எண். கம்பெனிப் பெயர் இல்லை, முகவரி இல்லை. கம்பத்தில் இப்படி அட்டை அடிப்பது நகர விதிப்படி குற்றம், பிடித்தால் அபராதம். நகராட்சி ஆட்கள் கழற்றிப் போடுகிறார்கள், மறுபடியும் முளைத்துவிடுகின்றன.

இந்த அட்டைகளை அடித்தவர்களில் பலர் வீடு வாங்கப் போவதில்லை. வாங்குவதற்கு அவர்களிடம் பணமே கிடையாது. விற்கிறவரிடம் ஓர் ஒப்பந்தத்தில் கையெழுத்து வாங்கிக்கொண்டு, அந்த ஒப்பந்தத்தை வேறொருவருக்கு விற்றுவிட்டு நடுவில் ஒரு தொகையை எடுத்துக்கொள்வது அவர்கள் தொழில். அமெரிக்காவில் இதற்கு ‘ஹோல்சேலிங்’ என்று பெயர். ரியல் எஸ்டேட்டில் புதிதாகக் கால் வைக்கிறவர்களுக்கு முதல் படி என்று சொல்லிக் கொடுக்கப்படுவது பெரும்பாலும் இதுதான்.

நான் இந்த ஊருக்கு வந்தது அக்கா மகனால். நியூ ஜெர்சியின் எடிசனில் இருக்கிறான், மென்பொருள் வேலை. எச்1பி விசாவில் இருந்த வரைக்கும் அந்த ஒரு வேலையைத் தவிர வேறெதிலும் உழைத்துச் சம்பாதிக்கச் சட்டத்தில் இடமில்லை. கிரீன் கார்டு வந்த கையோடு ரியல் எஸ்டேட் ஆசை வந்துவிட்டது. எடிசனில் ஒரு வீட்டை வாங்கி வாடகைக்கு விடும் அளவுக்குக் கையில் முதல் இல்லை. காரில் ஒரு மணி நேரத்துக்குச் சற்று மேல் ஓட்டினால் ஃபிலடெல்ஃபியா. அங்கே பழைய வீடு மலிவு என்று யாரோ சொல்ல, விமான நிலையத்துப் பக்கம் ஒரு ஓட்டலில் நடந்த இலவச வகுப்புக்கும் போய் வந்திருந்தான்.

“மூணே விஷயம்தான் மாமா. கையில காசு வேண்டாம், பேங்க் லோன் வேண்டாம், லைசென்ஸ் வேண்டாம். அதுதான் இதோட அழகுன்னு சொன்னாங்க.”

மூன்றில் கடைசியானது, ஃபிலடெல்ஃபியா இருக்கும் பென்சில்வேனியா மாநிலத்தில் 2025 ஜனவரியிலிருந்து பொய். அதை எங்களுக்குச் சொன்னவர் அன்று எங்களைத் தன் காரில் ஏற்றிக்கொண்ட பெண்மணி. ஐம்பதைத் தாண்டியவர், ஜெர்மன்டவுன் பேட்டையிலேயே பிறந்து வளர்ந்தவர், முறையாக உரிமம் பெற்ற ஏஜென்ட். அவனுக்கு வேலை இடத்து நண்பர் மூலம் அறிமுகம். “கற்றுக்கொள்வதாக இருந்தால் ஒரு நாள் என்னோடு சுற்றிப் பார். பேசுவது நான், நீ கேட்டுக்கொண்டிரு” என்று நிபந்தனை போட்டிருந்தார். எனக்கு வேடிக்கை பார்க்கும் வேலை.

முதலில் எங்களைக் கூட்டிக்கொண்டு போனது நகர மன்றக் கட்டடத்துக்கு. 1901இல் கட்டி முடித்த கல் மாளிகை. உச்சியில் ஊரை நிறுவிய வில்லியம் பென்னின் வெண்கலச் சிலை. சிலையோடு சேர்த்து உயரம் 548 அடி. பென்னின் தொப்பிக்கு மேலே எந்தக் கட்டடமும் எழக்கூடாது என்று எழுதாத ஒப்பந்தம் ஒன்று இந்த ஊரில் வெகுகாலம் இருந்தது. 1987இல் ஒரு வானளாவி அதை உடைத்தது. எழுதாத ஒப்பந்தம் அத்தனை காலம் நிலைத்த ஊரில், எழுதிய ஒப்பந்தங்களின் கதையைக் கேட்க நாங்கள் கீழ்த் தளத்துத் தாழ்வாரத்தில் நடந்துகொண்டிருந்தோம்.

154ஆம் அறை ஆவணத் துறை. பத்திரங்கள் பதிவாகும் இடம். 180ஆம் அறை உயில்களைப் பதிவு செய்கிற அலுவலகம். இறந்தவரின் சொத்தை நிர்வகிக்க வாரிசுகள் அதிகாரக் கடிதம் வாங்குவதும் இங்கேதான். “இந்த இரண்டு அறைகளுக்கும் என்ன சம்பந்தம் என்று புரிந்துகொள்ளாதவர் இந்த ஊரில் ஒரு வீட்டுக்கும் விலை பேசக்கூடாது” என்றார். அப்போது அது எனக்கு முழுதாகப் புரியவில்லை. பிற்பகலில் புரிந்தது.

வீட்டு விவரம் பார்க்க இப்போது யாரும் இங்கே வரவேண்டிய அவசியமில்லை. நகராட்சியின் இணையதளத்தில் கதவு எண்ணைத் தட்டினால் போதும். உரிமையாளர் பெயர், கடைசியாக எந்த ஆண்டில் என்ன விலைக்குக் கைமாறியது, நகராட்சி போட்ட மதிப்பு, வரி எல்லாம் இலவசமாகத் திரையில் வந்துவிடும். ஹோல்சேலர்களின் பட்டியல்கள் இப்படித்தான் உருவாகின்றன: வரி பாக்கி வைத்திருப்பவர்கள், வேறு ஊரில் இருந்துகொண்டு இங்கே வீடு வைத்திருப்பவர்கள், உரிமையாளர் இறந்துபோன வீடுகள், விதிமீறல் நோட்டீஸ் ஒட்டப்பட்ட வீடுகள். பட்டியலில் உள்ளவர்களுக்குக் கடிதம் போகும், போன் போகும், வாசலில் ஆள் வந்து நிற்கும்.

பட்டியலில் அகப்படாததைத் தேடத் தெருத்தெருவாகச் சுற்றுவார்கள். எங்கள் காரும் சுற்றியது. கென்சிங்டன் வழியாகப் போனோம். தலைக்கு மேலே இரும்புத் தூண்களில் ரயில் ஓடுகிறது. அடியில் எப்போதும் அரையிருட்டு. ஒரு காலத்தில் நெசவாலைகளும் ஸ்டெட்சன் தொப்பித் தொழிற்சாலையும் இருந்த இடம். ஆலைத் தொழிலாளிகளுக்காகக் கட்டிய வீடுகள் சுவரோடு சுவர் ஒட்டி வரிசை வரிசையாக நிற்கின்றன. பதினாலு பதினாறு அடிதான் அகலம். 1950இல் இந்த நகரத்தின் மக்கள்தொகை 20 லட்சத்து 70 ஆயிரம். ஆலைகள் மூடின, வெள்ளையர்கள் புறநகருக்குப் போனார்கள், 2020 கணக்குப்படி ஊரில் இருப்பவர்கள் 16 லட்சம். போனவர்கள் விட்டுப்போன வீடுகளின் கதைதான் மஞ்சள் அட்டைகளின் கதையும்.

“கூரையில் நீலத் தார்ப்பாய். வாசலில் ஈரமாகிக் காய்ந்து ஒட்டிக்கொண்ட விளம்பரத் தாள்கள். மாடி ஜன்னலில் ஒட்டுப்பலகை. இந்த மூன்றையும் பார்” என்று காரை ஓட்டிக்கொண்டே சொல்லிவந்தார். ஒட்டு வீடுகளில் இன்னொரு சிக்கல்: வரிசையில் ஒன்றை இடித்தால் பக்கத்து வீட்டின் பொதுச்சுவர் வெயிலுக்கும் மழைக்கும் திறந்துவிடும். காலி மனை ஒன்றின் ஓரத்தில் அப்படி ஒரு சுவரைக் காட்டினார். இல்லாமல் போன வீட்டின் மாடிப்படித் தடம் அந்தச் சுவரில் இன்னும் சாய்வாக ஏறிக்கொண்டிருந்தது. “இதற்குப் பூச்சு வேலை செய்யவேண்டும். உன் கணக்கில் இதை விட்டுவிட்டால் வாங்குகிறவர் உன்னை விட்டுவிடுவார்.”

கென்சிங்டனிலிருந்து தெற்கே சற்றுத் தூரம் நகர்ந்தால் ஃபிஷ்டவுன். அதே ரயில், அதே மாதிரி வீடு. ஆனால் முனையில் காபிக் கடை, வாசலில் சைக்கிள், விலை வேறு. இந்த ஊரில் ஒரு பெருந்தெருவைத் தாண்டினால் விலை மாறிவிடும். அரை மைல் வட்டத்துக்குள் ஆறு மாதத்தில் விற்ற வீடுகளை வைத்து மதிப்புப் போடு என்று வகுப்பில் சொல்லிக் கொடுக்கிறார்கள். இங்கே அரை மைலில் இரண்டு உலகங்களே வந்துவிடும். நாலைந்து தெருவுக்குள், அதே அகலமுள்ள வீடு, அதே பெருந்தெருவுக்கு இந்தப் பக்கம் என்று சுருக்கிக்கொள்ளவேண்டும்.

மதியம் சாப்பிட உட்கார்ந்த இடத்தில் காகிதத் துடைப்பான் ஒன்றில் அவர் கணக்குப் போட்டுக் காட்டினார். தொழிலின் மொத்த ரகசியமும் ஐந்து வரிதான்.

சீர்செய்த பிறகு அந்த வீடு 2,40,000 டாலருக்குப் போகும் என்று வைத்துக்கொள்வோம். வாங்கிப் பழுதுபார்த்து விற்கிற முதலீட்டாளர் அதில் 70 சதவீதத்துக்கு மேல் போகமாட்டார்: 1,68,000. மீதி 30 சதவீதத்தில்தான் அவருடைய வட்டி, வரி, காப்பீடு, விற்கும்போது ஏஜென்டுக்குக் கொடுக்கும் கமிஷன், கடைசியாக லாபம் எல்லாம் அடங்கவேண்டும். பழுதுபார்க்க 70,000 ஆகும் என்றால் அதைக் கழிக்கவேண்டும்: 98,000. முதலீட்டாளர் தரக்கூடிய உச்சவிலை அது. அதில் ஹோல்சேலர் தனக்கு 12,000 என்று நினைத்தால், வீட்டுக்காரரிடம் பேசவேண்டிய விலை 86,000.

“அப்போ வீட்டுக்காரருக்கு இந்த 98,000 தெரியாதா?” என்றான் அக்கா மகன்.

“பெரும்பாலும் தெரியாது. அதில்தான் எல்லாமே இருக்கிறது” என்றார் அவர்.

ஒப்பந்தத்தில் வாங்குபவர் பெயருக்குப் பக்கத்தில் ‘அல்லது இவர் நியமிக்கிறவர்’ என்று ஒரு தொடர் இருக்கும். அந்த இரண்டு மூன்று சொற்களை நம்பித்தான் மொத்தத் தொழிலும் ஓடுகிறது. எனக்கு அது புதிதாகத் தெரியவில்லை. நம் ஊர்க் கிரய ஒப்பந்தங்களிலும் ‘தங்களுக்கோ தாங்கள் சுட்டிக்காட்டும் நபருக்கோ கிரயம் செய்து தரச் சம்மதிக்கிறேன்’ என்று ஒரு வரி வருமே. கொஞ்சம் அட்வான்ஸ் கொடுத்து அக்ரிமென்ட் போட்டுக்கொண்டு, கெடு முடிவதற்குள் பார்ட்டி பிடித்துக் கைமாற்றி விடுகிறவர்களை வண்டலூரிலும் ஒரகடத்திலும் பார்த்திருக்கிறேன். அங்கே அட்வான்ஸ் கணிசமாகக் கொடுக்கவேண்டியிருக்கும். பார்ட்டி கிடைக்காவிட்டால் அது போய்விடும் என்ற பயமும் இருக்கும். இங்கே அட்வான்ஸ் சில நேரம் பத்து டாலர்கூட. வீட்டைச் சோதித்துப் பார்க்கச் சில நாள் அவகாசம், திருப்தி இல்லையென்றால் விலகிக்கொள்ளலாம் என்று இன்னொரு ஷரத்து. ஆக, பார்ட்டி கிடைக்காவிட்டால் ஹோல்சேலர் நஷ்டமில்லாமல் எழுந்து போய்விடுவார். வீட்டுக்காரர் மட்டும் ‘விற்றாயிற்று’ என்று நம்பி, வாடகை வீடு பார்த்து, சாமான் கட்டி வைத்துக்கொண்டு காத்திருப்பார். இந்தத் தொழில்மேல் உள்ள புகார்களில் பெரும்பகுதி இந்த இடத்தில் பிறக்கிறது.

பார்ட்டி கிடைத்துவிட்டால் இரண்டு வழி உண்டு. ஒப்பந்தத்தை அப்படியே மாற்றிக் கொடுத்துவிடுவது ஒன்று. பணப் பட்டுவாடாவும் பத்திரமும் டைட்டில் கம்பெனியில் நடக்கும். அவர்கள் வில்லங்கம் பார்த்து, காப்பீடு கொடுத்து, கணக்கைத் தீர்ப்பார்கள். அந்தக் கணக்குத் தாளில் ஹோல்சேலரின் 12,000 எல்லோர் கண்ணிலும் படும். அதை மறைக்க நினைப்பவர்கள் இரண்டாம் வழிக்குப் போவார்கள்: காலையில் தன் பெயருக்கு வாங்கி, மதியம் மற்றவருக்கு விற்பது. ஃபிலடெல்ஃபியாவில் அந்த மறைப்புக்கு விலை அதிகம். மாநிலத்துக்கு ஒரு சதவீதம், நகரத்துக்கு 3.578 சதவீதம் என்று சொத்து கைமாறும் வரி மொத்தம் 4.578 சதவீதம். இரண்டு தடவை கைமாறினால் இரண்டு தடவை வரி. 86,000க்கான வரியே ஏறக்குறைய 3,900 டாலர். பன்னிரண்டாயிரத்தை மறைப்பதற்கு அதில் மூன்றில் ஒரு பங்கைச் செலவழிக்கவேண்டும். வகுப்பில் இதை யாரும் அவனுக்குச் சொல்லவில்லை. டெக்சாஸில் இப்படி ஒரு வரியே கிடையாது என்பதால், எல்லா மாநிலத்துக்கும் பொதுவாகப் பாடம் எடுக்கிறவர்களுக்கு இது பெரிய விஷயமாகப் படுவதில்லை.

சாப்பாடு முடிந்து ஜெர்மன்டவுன். 1688இல் அடிமை முறையை எதிர்த்து குவேக்கர்கள் சிலர் மனு எழுதிக் கையெழுத்திட்ட ஊர். வட அமெரிக்காவில் அப்படி எழுந்த முதல் எழுத்துக்குரல் அது. இன்று பெரும்பாலும் கறுப்பினத்தவர் வாழும் பேட்டை. ஜெர்மன்டவுன் அவென்யூவில் இன்னும் கற்பாளங்கள் பதித்த சாலை, நடுவில் டிராம் ஓடாத டிராம் தண்டவாளம். கிளைத்தெருக்களில் இரண்டிரண்டாக ஒட்டிய கல்வீடுகள். உள்ளூரில் வெட்டியெடுத்த விசாஹிக்கன் கல். அதில் மைக்கா கலந்திருப்பதால் வெயில் சாய்வாக விழும்போது சுவர் மினுமினுக்கிறது. இடிந்த திண்ணையும் மினுமினுக்கும் சுவருமாக நின்ற ஒரு வீட்டுக்குள் எங்களை அழைத்துப் போனார்.

வீட்டுக்கார அம்மாவுக்கு எழுபது இருக்கும். எங்கள் வழிகாட்டிக்குச் சர்ச்சில் பழக்கம். வீட்டைப் பார்த்து ஒரு யோசனை சொல் என்று அவரே கூப்பிட்டிருந்தார். சமையலறை மேசைமேல் ஒரு ஷூ பெட்டி. திறந்து காட்டினார். உள்ளே முழுக்க மஞ்சள் கோடு போட்ட தாளில் நீல மையில் எழுதிய கடிதங்கள்: ‘அன்புள்ள அண்டை வீட்டாருக்கு, நானும் என் மனைவியும் உங்கள் தெரு வழியே வந்தோம், உங்கள் வீடு எங்களுக்கு மிகவும் பிடித்துவிட்டது…’ அக்கா மகன் நாலைந்தை எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தான். எல்லாக் கடிதத்திலும் ஒரே எழுத்தின் வால் ஒரே மாதிரி வளைந்திருந்தது. அச்சு இயந்திரத்தின் கையெழுத்து. வெவ்வேறு ஆட்கள், வெவ்வேறு தொலைபேசி எண்கள். எழுத்துரு மட்டும் ஒன்று.

“எல்லோருடைய மனைவிக்கும் என் வீடு பிடித்திருக்கிறது” என்று சிரித்தார் அந்த அம்மா.

மேலே போய்ப் பார்த்தோம். பின்னறை மேற்கூரையில் மழைக்கறை, அடியில் பிளாஸ்டிக் வாளி. தட்டைக் கூரை, எத்தனையோ தடவை பூசியும் நிற்கவில்லை. சுவரில் பழங்காலப் பீங்கான் குமிழ் வயரிங். நிலவறையில் சாக்கடைக் குழாய் ஓரம் ஈரம். இந்த ஊரில் தெருவின் பிரதான சாக்கடை வரைக்கும் போகும் குழாய் வீட்டுக்காரர் பொறுப்பு. அது உடைந்திருந்தால் தெருவைத் தோண்டவேண்டும், செலவு ஆயிரக்கணக்கில். நிலுவைத் தண்ணீர்க் கட்டணமும் வீட்டின் மேலேயே வில்லங்கமாக ஏறி நிற்கும். வழிகாட்டி ஒவ்வொன்றையும் படம் எடுத்துக்கொண்டார். வாளியையும் சேர்த்து.

இந்த நிலையில் இருக்கும் வீட்டுக்கு வழக்கமான வங்கிக் கடன் வாங்கி வருவது கடினம். கூரை ஒழுகினால் கடன் மறுக்கப்படலாம். பழுதுபார்த்து விற்கவோ அந்த அம்மாவிடம் பணமில்லை. தெற்கே ஜார்ஜியாவில் இருக்கும் மகளிடம் போய்விடலாம் என்று இருக்கிறார். குளிர்காலத்துக்குள் போனால் நல்லது. ரொக்கம் வைத்திருக்கும் ஆளுக்கு, குறைந்த விலைக்கு, சீக்கிரம் விற்பது என்ற யோசனை இவரைப் போன்றவர்களுக்கு நியாயமாகவே படலாம். ஹோல்சேலர் என்று ஒரு ஆள் இருப்பதற்குக் காரணம் இல்லாமல் இல்லை. ரொக்கக்காரரை இவருக்குத் தெரியாது, இவரை ரொக்கக்காரருக்குத் தெரியாது.

அந்த அம்மாவே கேட்டார்: “நீ என்னிடம் ஒரு விலை சொல்வாய். மற்றவனிடம் என்ன விலை சொல்வாய்?”

வழிகாட்டி தயங்கவில்லை. மதியம் எங்களுக்குப் போட்ட அதே ஐந்து வரியை இந்த வீட்டின் எண்களோடு மேசைமேல் எழுதினார். சீர்செய்தால் என்ன விலை, பழுதுக்கு என்ன, முதலீட்டாளர் உச்சமாக என்ன தருவார், நடுவில் தனக்கு என்ன. அதோடு இன்னொரு வரியும் சேர்த்தார்: இருக்கும் நிலையிலேயே வெளிப்படையாகச் சந்தையில் போட்டால் இதைவிடக் கூடுதலாக வரலாம், ஆனால் மாதங்கள் ஆகலாம், பார்க்க வருகிறவர்களுக்குக் கதவு திறந்துகொண்டே இருக்கவேண்டும். அந்த அம்மா மூக்குக்கண்ணாடியைத் தள்ளிக்கொண்டு எல்லாவற்றையும் படித்தார். விலையைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. உள்ளே போய்ப் பத்திரத்தை எடுத்து வந்தார்.

பத்திரம் அவருடைய அம்மா பெயரில் இருந்தது. அம்மா இறந்து பல வருடம். வரியை இவர்தான் கட்டி வந்திருக்கிறார், பெயர் மாற்றவில்லை. ஒரு தம்பி இருந்து இறந்துவிட்டான், அவனுக்குப் பிள்ளைகள் உண்டு. காலையில் பார்த்த இரண்டு அறைகளுக்கும் உள்ள சம்பந்தம் அப்போது விளங்கியது. 180ஆம் அறையில் அம்மாவின் சொத்துக் கணக்கைத் திறக்காமல் 154ஆம் அறையில் முறையான பத்திரம் எதுவும் பதிவாகாது. இவர் இன்று எத்தனை ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டாலும் டைட்டில் கம்பெனியில் வந்து நின்றுவிடும்.

நம் ஊரில் வாரிசுச் சான்றிதழ் வாங்காமல் தாத்தா பெயரிலேயே பட்டாவை விட்டுவைத்திருக்கும் குடும்பங்களின் கதைதான். ஃபிலடெல்ஃபியாவில் இது தெருவுக்குத் தெரு உண்டு. பியூ அறக்கட்டளை 2021இல் வெளியிட்ட ஆய்வு, இப்படிச் சிக்கலான உரிமை கொண்ட வீடுகள் நகரத்தில் 10,407 இருப்பதாகவும், அவற்றின் மதிப்பு 110 கோடி டாலருக்கு மேல் என்றும் கணக்கிட்டது. பெயர் தன்னுடையதில்லை என்பதால் பழுதுபார்க்கக் கடன் கிடைக்காது, வரிச்சலுகை கிடைப்பதும் சிக்கல், காப்பீட்டுப் பணம் வாங்குவதும் சிக்கல். கூரை ஒழுகிக்கொண்டே இருப்பதன் காரணம் கூரையில் மட்டும் இல்லை. மோசடிக்காரர்கள் பொய்க் கையெழுத்தில் பத்திரம் தயாரித்து வீட்டைத் திருடுவதற்கும் இறந்தவர் பெயரில் இருக்கும் வீடுகள்தான் சௌகரியம்.

வழிகாட்டி ஒப்பந்தத் தாளைப் பையிலிருந்து எடுக்கவே இல்லை. இந்த ஊரில் இதற்காகவே இலவசமாக வழக்கறிஞர் அமர்த்தித் தருகிற அமைப்பு ஒன்று உண்டு, ஃபிலடெல்ஃபியா விஐபி. ஏழைகளுக்கான கம்யூனிட்டி லீகல் சர்வீசஸும் உண்டு. இரண்டின் பெயரையும் எழுதிக் கொடுத்தார். முதலில் தம்பி பிள்ளைகளோடு பேசி உரிமையைத் தீர்த்துக்கொள்ளுங்கள், அதற்குப் பிறகு விற்பதா என்று யோசிக்கலாம் என்றார். காரில் ஏறியதும் அக்கா மகன் கேட்டான்: “அப்போ இன்னிக்கு உங்களுக்கு ஒண்ணும் இல்லையா?”

“கையெழுத்து வாங்கியிருந்தாலும் சட்டப்படி அது உறுதியில்லை” என்றார் அவர். பிறகு சட்டத்தைச் சொன்னார்.

ஃபிலடெல்ஃபியா நகர மன்றம் 2020இலேயே வீட்டு ஹோல்சேலர்களுக்கு என்று தனி உரிமம் வைத்து, விற்பவருக்கு அவருடைய உரிமைகளை எழுத்தில் தரவேண்டும் என்று விதித்தது. பிறகு மாநிலமே இறங்கியது. 2024இன் 52ஆம் சட்டம் 2025 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தது. அதன்படி இந்தத் தொழில் செய்ய ரியல் எஸ்டேட் உரிமம் கட்டாயம். அதைவிடப் பெரியது இன்னொரு விதி: ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்ட வீட்டுக்காரர் 30 நாளுக்குள், அதற்கு முன்பே கிரயம் முடிந்துவிட்டால் அதுவரைக்கும், எந்த அபராதமும் இல்லாமல் ரத்து செய்துகொள்ளலாம். மற்ற மாநிலங்களும் கையைக் கட்டிக்கொண்டு இருக்கவில்லை. இல்லினாய் 2019இல், ஓராண்டில் ஒரு வியாபாரத்துக்கு மேல் செய்தால் உரிமம் வேண்டும் என்றது. ஒக்லஹோமா 2021இல் சட்டம் போட்டது. தென் கரோலைனா 2024இல் ஹோல்சேலிங்கையே தடுத்தது. ‘எந்த ஊரிலும் செய்யலாம்’ என்ற வகுப்புப் பாடம் மாநிலத்துக்கு மாநிலம் காலாவதியாகிக்கொண்டிருக்கிறது.

மாலையில் ஓர் உணவகத்தின் பின்னறையில் முதலீட்டாளர்கள் கூடும் இடத்துக்குப் போனோம். கூலிங் பீர், பெயர் எழுதி ஒட்டிய சட்டைகள், கைக்குக் கை மாறும் விசிட்டிங் கார்டுகள். புதிதாக வந்த இளைஞர்கள் ஆளுக்கொரு ‘டீல்’ வைத்திருந்தார்கள். தொலைபேசித் திரையில் படம் காட்டினார்கள். வாசல் படம் எல்லாவற்றிலும் இருந்தது. நிலவறைப் படம் ஒன்றிரண்டில்தான்.

கென்சிங்டனில் பழைய வீடுகளை வாங்கிச் சீர்செய்கிற ஒப்பந்ததாரர் ஒருவர் எங்களோடு உட்கார்ந்தார். கையில் சுண்ணாம்புத் தூள் போகாத மனிதர். புதியவர்கள் அனுப்பும் கணக்குகளில் இரண்டு எண்களை அவர் நம்புவதேயில்லையாம்: சீர்செய்த பிறகான விலை ஏறியிருக்கும், பழுதுச் செலவு இறங்கியிருக்கும். “விலையை நானே போட்டுக்கொள்வேன். நீ பார்த்த ஓட்டையை மட்டும் மறைக்காதே. ஒழுகுகிற கூரையை ஒழுகுகிறது என்று சொல்லி அனுப்புகிறவனின் போனை நான் எப்போதும் எடுப்பேன்.” வழிகாட்டி தன் தொலைபேசியில் வேறொரு வீட்டின் படங்களைக் காட்டினார். ஒப்பந்ததாரர் முதலில் கேட்டது சாக்கடைக் குழாய்க்குள் கேமரா விட்டுப் பார்த்தாயிற்றா என்பதை.

அங்கே உட்கார்ந்திருக்கும்போதுதான் இந்தத் தொழிலில் புதியவர்கள் எப்படித் தோற்கிறார்கள் என்பது பிடிபட்டது. வீட்டுக்காரரிடம் குறைத்துச் சொல்கிறார்கள், வாங்குபவரிடம் கூட்டிச் சொல்கிறார்கள்; இரண்டுக்கும் நடுவே உள்ள இருட்டைத்தான் லாபம் என்று நினைத்துக்கொள்கிறார்கள். வாங்குபவர் ஒரு தடவை நிலவறைக்குள் இறங்கிப் பார்த்ததும் அந்தப் பக்கம் வெளிச்சமாகிவிடுகிறது. மறுபடி அவர் போனை எடுப்பதில்லை. வீட்டுக்காரர் பக்கத்து இருட்டு மட்டும் இத்தனை காலம் பத்திரமாக இருந்தது. பென்சில்வேனியாவில் அந்த 30 நாள் விதி அதையும் திறந்துவிட்டது. 86,000க்குக் கையெழுத்துப் போட்டவர் மகளிடம் கேட்பார், பக்கத்து வீட்டில் கேட்பார், இணையத்தில் பார்ப்பார். நடுவில் 12,000 இருப்பது தெரிந்து மனம் கசந்தால் 30 நாளுக்குள் ஒப்பந்தம் காற்றில் போய்விடும். அதற்குள் பிடித்து வைத்த பார்ட்டியும் போய்விடுவார். கையெழுத்துக்கு முன்பே எல்லா எண்ணையும் தெரிந்துகொண்டு, அப்படியும் சரி என்று சொன்னவர் ரத்து செய்ய அவ்வளவு காரணம் இல்லை. இரண்டு பக்கமும் ஒரே எண்ணைச் சொல்ல முடிகிறவர் மட்டும்தான் இனி இங்கே நிலைக்க முடியும். நேர்மை இந்தத் தொழிலில் இதற்கு முன் ஒரு குணமாக இருந்திருக்கலாம். இப்போது அது வியாபாரக் கணக்கில் ஒரு வரி.

திரும்பும் வழியில் அக்கா மகன் ஓட்டிக்கொண்டே திட்டம் போட ஆரம்பித்துவிட்டான். பென்சில்வேனியாவில் விற்பனையாளர் உரிமத்துக்கு 75 மணி நேர வகுப்பு, அதற்குமேல் தேர்வு, பிறகு ஒரு புரோக்கரின் கீழ்தான் வேலை செய்யவேண்டும். சனி ஞாயிறுகளில் முடித்துவிடலாம் என்று கணக்கு. ஓட்டல் வகுப்புக்காரர்கள் அடுத்த கட்டப் பயிற்சிக்குக் கேட்டிருந்த பணத்தோடு ஒப்பிட்டால் 75 மணி நேரத்துக்கான கட்டணம் சொற்பம் என்பதும் அவனுக்கு உறைத்திருந்தது.

“அந்த அம்மா கேட்ட கேள்வியை என்கிட்ட கேட்டிருந்தா நான் என்ன சொல்லியிருப்பேன்னு தெரியல மாமா.”

“படிச்சு முடிக்கிறதுக்குள்ள பதிலைத் தயார் பண்ணிக்கோ. லைசென்ஸ் வாங்கினப்புறமும் அதேதான் கேப்பாங்க” என்றேன்.

வகுப்பில் சேர்வதற்கு முன் ஒரு வேலை செய்யப்போவதாகச் சொன்னான். அந்த ஒப்பந்ததாரரை ஒரு சனிக்கிழமை கென்சிங்டனில் போய்ப் பார்த்து, அவர் சீர்செய்துகொண்டிருக்கும் வீட்டில் கூரைக்கு என்ன ஆனது, வயரிங்குக்கு என்ன ஆனது என்று உண்மையான பில்களைப் பார்த்து எழுதிக்கொள்வதாக. இந்தத் தொழிலில் நுழைய நினைக்கும் எவருக்கும் இதைவிட நல்ல முதல் படி எனக்குத் தெரியவில்லை. விலை பேசத் தெரிவதற்கு முன்பு ஒரு கூரைக்கு என்ன விலை என்று தெரியவேண்டும்.